மூன்றாவது மாடியில் இரண்டு தோட்டத்துப் பூனைகள்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு, சென்ற ஆண்டு பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தோம். எங்களோடு கருப்பன் என்ற ஆறு வயது ஆண் பூனையும், சின்னி என்ற ஒரு வயதுப் பெண் பூனையும் வந்தன. இரண்டுக்கும் கருத்தடை செய்யவில்லை. தோட்டத்தில் இரவும் பகலும் வெளியில் திரிந்த கருப்பன் இப்போது விடியலிலும் அந்தியிலும் கதவருகே நின்று கத்துகிறது, சுவரில் சிறுநீர் பீய்ச்சுகிறது. சின்னி பால்கனிச் சுவர்மேல் நடந்து, போன மாதம் கால் தவறி இரண்டாவது மாடி வீட்டின் தகரக் கூரையில் விழுந்து பிழைத்தது. பால்கனியிலிருந்து கீழே மோட்டார் சைக்கிள் கொட்டகைக் கூரைவரை குறுக்குச் சட்டம் அடித்த ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டிவிட்டால் இரண்டும் இறங்கி ஏறிக்கொள்ளும் என்கிறார் என் கணவர். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்கிறான் என் தம்பி. வாயில்லாச் சீவனை அடைத்து வைப்பது பாவம் என்று அம்மா அழுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பலகை வேண்டாம். பால்கனியைத் தரையிலிருந்து மேல்தளம் வரை கம்பி வலையால் மூடி, அதையே உங்கள் பூனைகளின் வெளியிடமாக ஆக்கிக் கொடுங்கள். கால்நடை மருத்துவராக நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய வழி இதுதான். ஆனால் உங்கள் அம்மாவின் வருத்தத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. வெயிலும் காற்றும் மண்வாசனையும் மரமும் எலியுமாக வளர்ந்த ஒரு பூனையை நான்கு சுவருக்குள் வைத்து, நேரத்துக்குச் சோறு மட்டும் போட்டால் அது வாடத்தான் செய்யும். 2015-ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நலச் சட்டமும், விலங்கை வளர்ப்பவர் அதற்கு உணவும் தகுந்த இடமும் தருவதோடு, அதன் இயல்பான நடத்தைக்கு இடமளிக்க வேண்டும் என்றும், காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்றும் சேர்த்தே கடமை விதிக்கிறது. அம்மா அதில் முதல் பாதியைப் பேசுகிறார். நான் இரண்டாம் பாதியையும் சேர்த்துப் பேச வேண்டியவனாக இருக்கிறேன்.

முதலில் உங்கள் தம்பி சொன்னதைப் பார்ப்போம். பூனை தலைகீழாக விழத் தொடங்கினாலும், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு மேல் எது கீழ் எது என்று உணர்த்த, முதலில் தலையையும், பின்பு முன்னுடலையும், அதன்பின் பின்னுடலையும் திருப்பிக் கால்களைத் தரைநோக்கிக் கொண்டுவந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காலில் இறங்குவது வேறு, காயமின்றி இறங்குவது வேறு. மூன்றாவது மாடியின் உயரம் ஏறத்தாழ 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும்போது பூனையின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டராக இருக்கும். அந்த வேகத்தில் நான்கு கால்களும் தாங்க முடியாத மிச்ச அதிர்ச்சி மார்பிலும் தாடையிலும் போய் இறங்குகிறது. நுரையீரல் நசுங்குவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து மூச்சு முட்டுவது, முகவாய் தரையில் மோதி மேலண்ணம் நடுவில் பிளப்பது, கால் எலும்பு முறிவது ஆகியவை மாடியிலிருந்து விழுந்த பூனைகளிடம் மருத்துவர்கள் முதலில் தேடுகின்ற காயங்கள்.

இதைப்பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நியூயார்க்கில் நடத்தப்பட்டு 1987-இல் வெளிவந்தது. அங்குள்ள ஒரு விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகள் சராசரியாக ஐந்தரை மாடி உயரத்திலிருந்து விழுந்திருந்தன. சிகிச்சை பெற்றவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்தன. இந்த ஒரு எண்தான் ஊர் ஊராகப் பரவி, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு உரமிட்டது. அந்தப் பூனைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும், விழுந்த இடத்திலேயே இறந்துபோன பூனைகளை எவரும் மருத்துவமனைக்குத் தூக்கிவரவில்லை என்பதால் அவை அந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதையும் யாரும் கூடவே சொல்வதில்லை. சின்னி தகரக் கூரையில் விழுந்து தப்பியது அதன் திறமையால் அன்று. இடையில் ஒரு கூரை இருந்ததால்.

ஒருவேளை மீண்டும் அப்படி விழுந்தால், எழுந்து நடக்கிறது என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, சிறுநீர் கழிக்காமல் இருப்பது, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கூடையில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலிக்கும் என்று இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பெனடோலில் அரை மாத்திரைகூடக் கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும்.

இனி உங்கள் கணவரின் பலகைக்கு வருகிறேன். அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். உலகில் இல்லாததும் அன்று. சுவிட்சர்லாந்தில் பெர்ன் போன்ற நகரங்களில் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் பூனைகள் ஏறி இறங்குவதற்கென்றே ஏணிகள் பொருத்தியிருப்பார்கள். ஆனால் பூனைக்கு ஏணி எத்தனை உறுதியானது என்பதைவிட, அந்த ஏணி அதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதுதான் முக்கியம். நம் ஊரில் மரப்பலகை ஒரு மழைக்காலத்துக்குள் பாசி படிந்து வழுக்கும். குறுக்குச் சட்டத்தின் ஆணி துருப்பிடித்துத் தளரும். அது நிகழ்ந்ததை உங்களுக்கு முதலில் தெரிவிப்பது, அதன்மேல் கால் வைத்த பூனையாகத்தான் இருக்கும். ஏறும் வழி உங்கள் பூனைகளுக்கு மட்டும் வழியாக இருக்கப்போவதும் இல்லை. எலியும், பக்கத்துத் தெருவின் கடுவன் பூனையும், எலியின் வாசனையைத் தொடர்ந்து வரும் பாம்பும் அதே பலகையில் ஏறி உங்கள் வீட்டுக்குள் வரலாம். அடுக்குமாடியின் வெளிச்சுவர் பொதுச் சொத்து என்பதால், நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் எதையும் பொருத்த முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கீழே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. செம்பனைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள பட்டணங்களில் எலிகள் மிகுதி. அவற்றைக் கட்டுப்படுத்தக் கூட்டுப்பெட்டி வைத்து ஆந்தைகளை வளர்க்கும் தோட்டங்கள் உண்டு. மரத்தடியில் மெழுகுக் கட்டியாக எலி மருந்து வைக்கும் தோட்டங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்பவையும் உண்டு. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை, வார்பரின் தொடங்கி புரோமடியோலோன், புரோடிபாக்கம் வரை, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாள்கள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியைப் பிடிப்பதுபோல் பூனைக்கு எளிய வேட்டை வேறில்லை. பின் வந்த வலுவான மருந்துகள் எலியின் ஈரலில் தங்கியிருந்து பூனையின் உடலுக்குள் செல்கின்றன. இரண்டு முதல் ஐந்து நாள்களுக்குப் பிறகு பூனை சோர்ந்து, ஈறு வெளுத்து, மூச்சிரைத்து நிற்கும்போது, அதற்குள் மார்பிலோ வயிற்றிலோ இரத்தம் கசிந்திருக்கும். வைட்டமின் கே1 கொடுத்து வாரக்கணக்கில் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம். ஆனால் பூனை எங்கே போனது, எதைத் தின்றது என்றே தெரியாதபோது, நோயைக் கண்டறிவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

தோட்டத்திலும் இதே எலி மருந்து இருந்ததே, கருப்பன் ஆறு வருடம் வாழ்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே அது குட்டியிலிருந்து அறிந்த நிலம் இருந்தது; எந்த வாய்க்காலில் ஒளியலாம், எந்த வீட்டு நாய் கட்டப்படாமல் திரியும், செம்பனைக் குலை ஏற்றிய லாரி எந்தப் பாதையில் வரும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அப்படி அறிந்துகொள்ளும் முன்பே இறந்துபோன குட்டிகளும் லயத்தில் எத்தனையோ இருந்திருக்கும். அம்மாவைக் கேட்டால் அவருக்கு நினைவிருக்கலாம். இங்கே உங்கள் அடுக்குமாடியின் அடித்தளம் ஏற்கெனவே வேறு பூனைகளின் எல்லை. கருத்தடை செய்யாத ஆண் பூனை அங்கே இறங்கினால் சண்டையில்லாமல் ஒரு வாரம்கூடப் போகாது. கடியின் வழியே பூனைகளுக்குள் பரவும் எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ் ஒருபுறம் இருக்க, நம் நாட்டில் குறிப்பாக அஞ்ச வேண்டியது ஸ்போரோட்ரிக்கோசிஸ் எனும் பூஞ்சை நோய். சண்டையிடும் பூனைகளின் நகத்தாலும் பல்லாலும் பரவி, மூக்கிலும் காதிலும் காலிலும் ஆறாத புண்ணாக வெடிக்கும் இந்நோய், அந்தப் பூனை கீறினால் மனிதருக்கும் தொற்றும். இட்ராகொனசோல் போன்ற மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால்தான் குணமாகும். உங்கள் வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே பால்கனி. இதில்தான் நீங்கள் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹார்ட்வேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வலைகளில், கட்டம் கட்டமாகப் பற்றவைத்த கம்பி வலையை வாங்குங்கள். கட்டத்தின் அளவு ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் இருந்தால் போதும். துத்தநாகம் பூசியதாகவோ, அதன்மேல் பச்சை அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்டதாகவோ இருந்தால் மழையைத் தாங்கும். பிளாஸ்டிக் கோழிவலையும் மீன்வலையும் வேண்டாம். வெயிலில் மக்கிப்போன நைலானைப் பூனை ஓர் இரவில் கடித்துத் துளைத்துவிடும். கொசுவலை பூனையைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் நகத்துக்கு அது காகிதம்தான், விளிம்போடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அண்மைக்காலமாக அடுக்குமாடிகளில் பொருத்தப்படும் மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன 'கண்ணுக்குத் தெரியாத கிரில்' பிள்ளைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் கம்பிகளுக்கிடையே பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். தலை நுழைந்தால் பூனையின் உடல் முழுவதும் நுழைந்துவிடும் என்பதையும், சின்னி இன்னும் மெலிந்த பூனை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் பால்கனியில் ஏற்கெனவே இரும்புக் கிரில் இருந்தால் வேலை எளிது. கிரிலின் உள்பக்கமாக வலையை விரித்து, கரை முழுவதும் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே வரலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் கேபிள் டை வெயிலில் நொறுங்கிவிடும் என்பதால், எவர்சில்வர் டை அல்லது வெறும் கட்டுக்கம்பியைப் பயன்படுத்துங்கள். முறுக்கிய கம்பியின் முனை பூனையின் பக்கமோ உங்கள் கையின் பக்கமோ நீட்டிக்கொண்டிராமல் வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். கிரில் இல்லையென்றால் வெல்டிங் கடையில் அளவு கொடுத்து, அலுமினியம் அல்லது இரும்புச் சட்டத்தில் வலையைப் பொருத்திய பலகங்களாகச் செய்து, சுவரின் உட்புறத்தில் திருகாணியிட்டு மாட்டுவது நல்லது. உட்புறம் என்று சொல்வதற்குக் காரணம், கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றினீர்கள் என்று நிர்வாகக் குழு பின்னால் ஆட்சேபிக்காமல் இருப்பதற்காக. அப்படிச் செய்தாலும் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிகளுக்கான துணைவிதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை அகற்றச் சொல்லி நிர்வாகம் அறிவிப்புக் கொடுக்க முடியும். பூனைகள் படியிலும் நடைபாதையிலும் திரிந்து மற்றவர் வாசலில் அசுத்தம் செய்வதைவிட, உங்கள் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்கப்போகின்றன என்பது அந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாக நிற்கும். வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வலையைப் பாதிச் சுவர் அளவுக்கு உயர்த்திவிட்டால் போதும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். பூனை வலையிலேயே ஏறி, அதன் உச்சியிலிருந்துதான் விழும். மேல்தளத்தைத் தொடும்வரை மூட வேண்டும். கீழே தண்ணீர் வடியும் துளை, பக்கச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலான பிளவு, துணிக்கொடியின் கம்பி வெளியே போகும் இடம் ஆகிய மூன்றையும் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் வேலை செய்பவர் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போவது இவற்றைத்தான். சமையல் எரிவாயுத் தோம்பு பால்கனியில் இருக்குமானால், வலையைத் தவிர வேறு எதையும் கொண்டு அந்த இடத்தை அடைக்காதீர்கள். காற்று தாராளமாகப் போய்வர வேண்டும்.

இன்னொன்று, பூனையைவிட உங்களுக்காகச் சொல்வது: தீ விபத்து நேர்ந்தால் பால்கனி உங்களுக்கு ஒரு வெளிவழி. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பலகத்தைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டுத்தான் போட வேண்டும் என்றால் சாவி அருகிலேயே, வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும். வீட்டுக் கிரில்களைப் பற்றிப் பொம்பா எனும் தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்ப அறிவுறுத்துவதும் இதைத்தான்.

பால்கனியை மூடிவிட்டு நாக்கோ சன்னல்களை மறந்துவிடாதீர்கள். பழைய அடுக்குமாடிகளில் குளியலறையிலும் சமையலறையிலும் இருக்கும் அந்தக் கண்ணாடிப் பட்டைகளுக்கிடையே பூனை நுழைவது மட்டுமின்றி, அதன் எடையில் ஒரு பட்டை நழுவிக் கீழே போகிறவர் தலையில் விழவும் கூடும். அங்கும் உள்பக்கமாக அதே கம்பி வலையைப் பொருத்துங்கள்.

வலை போட்ட வெறும் சிமெண்டுத் தரை பூனைக்கு ஒரு சிறைதான். அம்மாவின் மனக்குறை தீர வேண்டுமானால், உள்ளே என்ன இருக்கிறது என்பதில் கருத்துச் செலுத்த வேண்டும். பூனைக்குத் தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம். சுவரில் ஓரடி அகலப் பலகைகளைப் படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, உச்சிப் பலகை தெருவைப் பார்க்கும்படி வையுங்கள். இரண்டு பூனைகள் இருப்பதால், ஒன்று வழிமறித்தால் மற்றது இறங்க வேறொரு வழி இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஒரு பால்மரக் (ரப்பர் மரக்) கட்டையை, பட்டையோடு, நிமிர்த்தி நிறுத்திக் கட்டிவிட்டால் கருப்பன் நகம் தீட்டவும் ஏறவும் அதைவிட நல்ல பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கட்டையைக் கொண்டுவரும்போது எறும்பும் கறையானும் இல்லாமல் வெயிலில் சில நாள்கள் காயவையுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பிடி காய்ந்த சருகையோ, ஒரு துண்டு புல்தரையையோ மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வெளியுலகத்தைப் பூனை கண்ணைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது. வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைமேனியின் வேரைக் கழுவி, எப்போதாவது ஒருமுறை சிறு துண்டாகக் கொடுத்தால், பல பூனைகள் அதன்மேல் புரண்டு விளையாடும்.

தொட்டிச் செடிகளில் கவனம் தேவை. பூசைக்காக வளர்க்கும் அரளி முழுச்செடியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அது பூனை இருக்கும் பால்கனியில் இருக்கவே கூடாது. கற்றாழையும் மணிபிளாண்டும் வாந்தியையும் வாய்ப்புண்ணையும் உண்டாக்கும். லில்லிப் பூங்கொத்து யாராவது கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். செம்பருத்திக்குத் தடையில்லை.

வெயில் உங்கள் பால்கனியில் எந்த நேரத்தில் அடிக்கிறது என்று எழுதவில்லை. மேற்கு நோக்கியதாக இருந்தால் பிற்பகலில் சிமெண்டுத் தரை பாதத்தைச் சுடும். மேல்பாதிக்கு நிழல்வலை கட்டி, வீட்டுக்குள் திரும்பும் வழி எந்நேரமும் திறந்திருக்கும்படி செய்யுங்கள். பூனை வாயைத் திறந்து இரைத்தால் அது வெப்பத்தைத் தாங்க முடியாத நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். செடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கத் தொடங்க ஒரு வாரம் போதும். சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் அது பூனைக்கு வைத்த தண்ணீர் என்பதற்காக அபராதத்தைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

இத்தனையும் செய்தாலும், கருத்தடை செய்யாமல் கருப்பன் கத்துவதை நிறுத்தாது. அதன் கத்தலிலும் சிறுநீர் பீய்ச்சலிலும் பெரும்பகுதி, துணை தேடுவதும் எல்லை குறிப்பதும்தான். அறுவைக்குப் பிறகு ஆண் சுரப்பு உடலிலிருந்து வடிந்து முடியச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் பெரும்பாலான பூனைகள் அடங்கிவிடுகின்றன. ஆறு வயதில் பழக்கமாகவே ஊறிப்போயிருந்தால் சிறிது மிச்சம் இருக்கலாம். பீய்ச்சிய இடத்தை நொதிச் சவர்க்காரத்தால் கழுவுங்கள், அம்மோனியா கலந்த திரவம் சிறுநீரின் வாடையையே ஒத்திருப்பதால் அந்த இடத்துக்கு மீண்டும் அழைத்துவரும். சின்னிக்கு இது இன்னும் அவசரம். வேட்கைக் காலத்திலுள்ள பெண் பூனை எந்தச் சன்னலையும் பொருட்படுத்தாமல் பாயும். கருவுற்றால் ஒன்பது வாரத்தில் குட்டிகள். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் இப்போதே கருவுற்றிருக்கவும் கூடும்.

விடியலிலும் அந்தியிலும் கத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவை பூனையின் இயல்பான வேட்டை நேரங்கள். கத்தும்போது மனமிரங்கி ஒரு நாள் கதவைத் திறந்து, ஒன்பது நாள் திறக்காமல் இருந்தால், விடாமல் கத்தினால் கதவு திறக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். ஆகவே வீட்டில் எல்லாரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும், முக்கியமாக அம்மா. அதற்குப் பதிலாக, அந்த நேரம் வருவதற்குச் சற்று முன்பாகவே குச்சியில் கட்டிய கயிற்றையும் இறகையும் தரையில் இழுத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், பிடிக்க விடுங்கள், பிடித்தவுடன் உணவு வையுங்கள். பதுங்குதல், பாய்தல், பிடித்தல், தின்னுதல் என்ற வரிசை நிறைவுற்றால் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு உறங்கப் போகும். இந்த வேலையை அம்மாவிடமே ஒப்படையுங்கள் என்று நான் பரிந்துரைப்பேன். அவரும் அதே லயத்திலிருந்து வந்தவர், அவருக்கும் அந்த நேரத்தில் கைக்கு வேலை வேண்டும்.

இரண்டு பூனைகளுக்கு மூன்று மலப்பெட்டிகள் வையுங்கள். ஒன்றாவது பால்கனியில் இருக்கட்டும். மண்ணில் பழகிய கருப்பனுக்கு முதலில் சுத்தமான மணலைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத் துகளைக் கலந்து மாற்றலாம். வெளியில் திரிந்துவிட்டு வீட்டுக்குள் அடங்கும் ஆண் பூனைகளுக்கு மன அழுத்தத்தாலும், நீர் குறைவாகக் குடிப்பதாலும், உடல் பருப்பதாலும் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொள்வதுண்டு. பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

கீழே மண்ணில் நடக்கவிட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அதற்கு மார்புப் பட்டை உண்டு. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாதீர்கள். உடம்பைச் சுற்றி அணியும் பட்டையை வீட்டுக்குள்ளேயே பல நாள்கள் அணிவித்து, அதோடு தின்னவும் விளையாடவும் பழகிய பிறகு, கூடைக்குள் வைத்துப் படியிறங்குங்கள். கையில் தூக்கிச் சென்றால் ஒரு நாய் குரைத்த கணத்தில் உங்கள் தோளைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடும். மிரண்ட பூனை பின்பக்கமாகவே நழுவிப் பட்டையிலிருந்து கழன்றுவிடும் என்பதால், ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கம் இருக்க வேண்டும். சின்னி இளையது, பழகிவிடும் என்று நினைக்கிறேன். கருப்பனை வற்புறுத்த வேண்டாம். இறங்கி நடக்கும் பூனைக்கு உண்ணி மருந்து தேவைப்படும். ஆனால் நாய்க்கென்று விற்கும் முதுகில் விடும் மருந்தைப் பூனைக்கு ஊற்றிவிடாதீர்கள், அவற்றுள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொன்றுவிடும்.

வலை வேலை முடிய ஓரிரு வாரம் ஆகலாம். அதுவரை பால்கனிக் கதவை மூடியே வைத்திருங்கள். இந்த வாரமே சின்னியைக் கூடையில் வைத்து அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விழுந்தபோது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானம் கிழிந்திருந்தால் மாதங்கள் கழித்தும் மூச்சுத்திணறலாக வெளிப்படலாம் என்பதால், விழுந்த கதையை முழுவதும் சொல்லி, அண்ணத்தையும் மார்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே சந்திப்பில் கரு உண்டா என்று பார்த்துக் கருத்தடைக்கு நாள் குறித்து, இரண்டுக்கும் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் போட்டுவிடலாம். வலை போட்ட பிறகு மாதம் ஒருமுறை, குறிப்பாகக் கடும் காற்றுமழைக்குப் பிறகு, வலையைக் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் கையால் இழுத்துப் பாருங்கள்; தளர்ந்தது ஒன்று இருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்